ரத்தத்துல மிதக்கிற கிருமியோட டிஎன்ஏ: எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு இன்ஃபெக்ஷனை எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

எங்க பெரியம்மா பையனுக்கு கிட்னி மாத்தி அஞ்சாவது மாசம். போன்ல பேசும்போது "ஒண்ணும் இல்லடா, கொஞ்சம் அசதியா இருக்கு, சாப்பாடு இறங்க மாட்டேங்குது, ரெண்டு நாளா வயிறு சரியில்ல"ன்னு தான் சொன்னாரு. ஜுரம் பாத்தா 99 சொச்சம். இதெல்லாம் ஒரு ஜுரமா, வெயிலுக்கு வயிறு கெட்டிருக்கும், மோர் குடிச்சா சரியாயிடும்னு வீட்டுல எல்லாரும் இருந்தோம். வழக்கமான செக்கப்புக்கு போன இடத்துல டாக்டர் வெள்ளை அணு கவுண்ட் இறங்கியிருக்கிறதைப் பாத்துட்டு, ரத்தத்துல சிஎம்வி பிசிஆர், அதாவது சிஎம்விங்கிற வைரஸ் இருக்கான்னு பாக்குற டெஸ்ட், எடுக்கணும்னு எழுதிக் குடுத்தாரு. கூட போனது நான் தான். "ஜுரமே இல்லையே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய டெஸ்ட்டு"ன்னு கேட்டேன். "ஜுரத்தை கிருமி உண்டாக்கல தம்பி, அவரோட எதிர்ப்பு சக்தி தான் உண்டாக்கும், அதைத்தானே நாங்க மாத்திரை குடுத்து அமுக்கி வச்சிருக்கோம்"னு சொன்னாரு.

அந்த பதிலை புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அதுக்கப்புறம் நிறைய படிச்சேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். வீட்டுல ஒருத்தருக்கு கீமோ நடக்குது, உறுப்பு மாத்தியிருக்காங்க, வருஷக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிடுறாங்கன்னா இந்த விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா இதுல இருக்கிற அடிப்படை யாருக்கும் புரியக்கூடியது தான்.

முதல்ல ஒண்ணு. உடம்புக்குள்ள கிருமி வந்திருக்குன்னு நமக்கு எப்படி தெரியுது? ஜுரம் வரும், புண்ணு சிவந்து வீங்கும், சீழ் வைக்கும், எக்ஸ்ரே எடுத்தா நெஞ்சுல வெள்ளையா திட்டு தெரியும், ரத்தத்துல அந்த கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். இது எல்லாமே கிருமியோட வேலைன்னு தான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், யோசிச்சுப் பாத்தா ஏறக்குறைய எல்லாமே நம்ம உடம்பு அதோட சண்டை போடுறதோட அடையாளம். சீழ்னா என்ன, செத்துப் போன வெள்ளை அணுக்களோட குவியல் தான். எக்ஸ்ரேல தெரியுற திட்டுலயும் பெரும்பங்கு அங்க போய் குவிஞ்ச வெள்ளை அணுவும் நீரும் தான். அப்போ வெள்ளை அணுவே இல்லாத ஒருத்தருக்கு நிமோனியா வந்தா எக்ஸ்ரே கிட்டத்தட்ட சுத்தமா இருக்கலாம். கீமோ முடிஞ்சு கவுண்ட் ஏற ஆரம்பிக்கும்போது, ஆளு தேறிக்கிட்டு வர்ற நேரத்துல படம் முன்னைவிட மோசமா தெரியுறது கூட உண்டு, அணுக்கள் அப்பத்தான் அங்க போய் சேருது.

அதனால தான் கீமோ வார்டுல ஜுரத்துக்கு கணக்கே வேற. நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500க்கு கீழ போயிட்டா, 101 ஒரு தடவை வந்தாலோ, இல்ல 100.4 ஒரு மணி நேரம் அப்படியே நின்னாலோ அது எமர்ஜென்சி, என்ன கிருமின்னு தெரியுற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாடிக் போட்டுடுவாங்க. ஸ்டீராய்டு அதிக டோஸ்ல போறவங்களுக்கு அந்த 100.4 கூட வராம போகலாம்.

ஆக, சண்டையோட சத்தத்தை வச்சு திருடனை பிடிக்க முடியாத வீடு இது. திருடனோட காலடித் தடத்தை நேராவே தேடணும்.

ரொம்ப காலமா அதுக்கு இருந்த முக்கியமான வழி பிளட் கல்ச்சர், இன்னைக்கும் அது தான் அடித்தளம். ஊர்ல திருவிழாவுக்கு முளைப்பாரி போடுறதை பாத்திருப்பீங்க, அதே மாதிரி தான் இதுவும். ரத்தத்தை சத்துள்ள திரவம் இருக்கிற பாட்டில்ல ஊத்தி, உடம்பு சூட்டுல வச்சு, உள்ள கிருமி இருந்தா வளரட்டும்னு விடுறது. பெரியவங்களுக்கு பாட்டிலுக்கு 8 லேர்ந்து 10 மில்லி வரைக்கும் எடுப்பாங்க. அவ்வளவு எதுக்குன்னு நிறைய பேர் பதறுவாங்க, ஆனா ரத்தத்துல பாக்டீரியா இருக்கிறவங்களுக்கே பல நேரம் ஒரு மில்லிக்கு ஒண்ணு கூட இருக்காது, கம்மியா எடுத்தா அந்த பாட்டில்ல விதையே விழாம போயிடும். வளர்ந்துச்சுன்னா மெஷின் காட்டிக் குடுக்கும், வழக்கமா ஒண்ணு ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும், ஒண்ணும் வளரலைன்னு சொல்ல அஞ்சு நாள் வச்சுப் பாப்பாங்க.

இதுல சிக்கல் என்னன்னா எல்லா விதையும் முளைக்காது. ஆன்டிபயாடிக் ஏற்கனவே ரெண்டு டோஸ் போயிருந்தா கிருமி பாதி செத்திருக்கும், வளராது. கேண்டிடாங்கிற ஈஸ்ட் உடம்புக்குள்ள பரவியிருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு தான் கல்ச்சர்ல வரும். ஆஸ்பர்ஜில்லஸ், மியூக்கர் மாதிரி பூஞ்சைகள் நுரையீரலையே தின்னுக்கிட்டு இருந்தாலும் பிளட் கல்ச்சர்ல வர்றது ரொம்ப அபூர்வம். நியூமோசிஸ்டிஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, அதை சாதாரண லேப்ல வளர்க்கவே முடியாது. 1981 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரோக்கியமா இருந்த அஞ்சு இளைஞர்களுக்கு இந்த நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்ததை அமெரிக்க அரசோட வார அறிக்கையில போட்டாங்க, எய்ட்ஸ் உலகத்துக்கு தெரிய வந்ததே அப்படித்தான். அந்த நிமோனியாவை உறுதி பண்ணணும்னா நுரையீரலுக்குள்ள குழாய் விட்டு கழுவி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கணும், ஏற்கனவே மூச்சு வாங்குற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

இங்க தான் டிஎன்ஏ வருது.

நம்ம உடம்புல அணுக்கள் சாகும்போது அதுக்குள்ள இருந்த டிஎன்ஏ துண்டு துண்டா உடைஞ்சு ரத்தத்துல கலக்குது. 1948லேயே பிரான்ஸ்ல மாண்டெல், மெத்தேன்னு ரெண்டு பேர் இதை கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, டிஎன்ஏவோட ரெட்டைச் சுருள் வடிவம் தெரியுறதுக்கே அஞ்சு வருஷம் முன்னாடி, அதனால யாரும் பெருசா கண்டுக்கல. 1997ல டென்னிஸ் லோங்கிற விஞ்ஞானி, அம்மாவோட ரத்தத்துல வயித்துல இருக்கிற குழந்தையோட டிஎன்ஏவும் மிதக்குதுன்னு காட்டினாரு, அதுக்கப்புறம் தான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. குழந்தை பிறந்ததும் அந்த டிஎன்ஏ எவ்வளவு வேகமா மறையுதுன்னும் அவரு குழு அளந்து பாத்துச்சு, சராசரியா 16 நிமிஷத்துல பாதியாயிடுது. அப்படின்னா ரத்தத்துல இப்ப ஒரு டிஎன்ஏ துண்டு தெரியுதுன்னா அது ரொம்ப சமீபத்துல வந்து விழுந்தது. குழந்தையோடது வருதுன்னா கிருமியோடதும் வரும் இல்லையா? நுரையீரல்ல ஒரு மூலையில பூஞ்சை உக்காந்திருந்தாலும், கல்லீரல்ல கட்டி இருந்தாலும், அங்க சாகுற கிருமியோட டிஎன்ஏ சில்லுகள் ரத்தத்துக்கு வந்து சேரலாம். முழு கிருமி ரத்தத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல, உயிரோட இருக்கணும்னும் இல்ல.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில நின்னா பூவும் மாலையும் மிதந்து வரும், மேல எந்தெந்த ஊர்லயோ யாரோ விட்டது. நாம அந்த ஊருக்குப் போகல, ஆனா ஆத்துல வர்றதை வச்சு மேல ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிறோம். ரத்தம் அந்த ஆறு மாதிரி. இந்த உதாரணத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

சரி, அந்த சில்லுகளை எப்படி படிக்கிறாங்க? ரெண்டு வழி. ஒண்ணு பிசிஆர், கொரோனா காலத்துல எல்லாருக்கும் பழகிப் போன பேரு. இதுல முன்கூட்டியே "இந்த கிருமி இருக்கா?"ன்னு கேள்வி கேக்கணும், அந்த கிருமியோட டிஎன்ஏ இருந்தா மட்டும் அது பல கோடி மடங்கா பெருகும், எவ்வளவு இருக்குன்னு நம்பராவும் சொல்லும். இன்னொண்ணு சீக்வென்சிங், இதுல கேள்வியே "யார் யாரெல்லாம் இருக்கீங்க?" தான். ரத்தத்துல இருக்கிற எல்லா துண்டையும் எழுத்து எழுத்தா படிச்சு, கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆயிரக்கணக்கான கிருமிகளோட ஒப்பிட்டுப் பாக்குறது.

அண்ணனுக்கு பண்ணது முதல் வகை. சிஎம்வி, அதாவது சைட்டோமெகலோ வைரஸ், நம்ம நாட்டுல பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க உடம்புல ஏற்கனவே இருக்கு, சின்ன வயசுல வந்து அடங்கி ஆயுசுக்கும் தூங்கிக்கிட்டு இருக்கும். கிட்னியை உடம்பு ஏத்துக்கணும்னு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டுன்னு எதிர்ப்பு சக்தியை அமுக்குற மருந்து குடுக்கும்போது காவலுக்கு ஆள் இல்லாம அது எழுந்துக்குது. வெள்ளை அணுவை குறைக்கும், வயித்தைக் கெடுக்கும், நுரையீரல், கண்ணுன்னு போகும், மாத்தி வச்ச கிட்னியையும் பாதிக்கும். ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணா இங்க பிரயோஜனம் இல்ல, என்னைக்கோ வந்ததுக்கான ஆன்டிபாடி எல்லார்கிட்டயும் இருக்கும். இப்ப எழுந்திருக்கா, எவ்வளவு வேகமா பெருகுதுன்னு சொல்றது ரத்தத்துல இருக்கிற டிஎன்ஏ அளவு தான். அண்ணனுக்கு முதல் மூணு மாசம் தடுப்பு மாத்திரை குடுத்திருந்தாங்க, அதை நிறுத்தி ரெண்டு மாசத்துல இது வந்துச்சு, இப்படி வர்றது ரொம்ப சகஜமாம். போன் மேரோ மாத்தினவங்களுக்கு முதல் 100 நாள் வாரா வாரம் இந்த டெஸ்ட் பண்ணி, நம்பர் ஏறுறப்பவே, நோய் வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிக்கிற முறையும் இருக்கு.

இந்த நம்பரை பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நாங்க இதுல தேவையில்லாம தூக்கத்தை தொலைச்சோம். ரிப்போர்ட்ல ஒரு மில்லிக்கு இத்தனை இன்டர்நேஷனல் யூனிட்னு வரும். ஒரு வாரம் 1,100, அடுத்த வாரம் 1,900னு வந்தா நமக்கு ஐயோ டபுள் ஆகப் போகுதேன்னு இருக்கும். ஆனா இந்த டெஸ்ட்டோட இயல்பான ஏத்த இறக்கமே அவ்வளவு இருக்கும், மூணு மடங்குக்கு மேல மாறினா தான் உண்மையிலேயே ஏறுது இறங்குதுன்னு எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு, ஒரு லேப்ல பிளாஸ்மாவுல, அதாவது அணுக்களை பிரிச்சு எடுத்த ரத்த நீர்ல பாப்பாங்க, இன்னொரு லேப்ல முழு ரத்தத்துல பாப்பாங்க, ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2010ல இதுக்கு ஒரு பொது அளவுகோல் கொண்டு வந்தும் லேபுக்கு லேப் வித்தியாசம் முழுசா போகல. அதனால ஆரம்பிச்ச லேப்லயே தொடர்ந்து பண்ணுங்க, ஆஃபர் போட்டிருக்காங்கன்னு மாத்தாதீங்க. குடல்ல மட்டும் சிஎம்வி இருக்கிறவங்களுக்கு ரத்தத்துல நம்பர் ரொம்ப கம்மியாவோ இல்லாமலேயோ கூட இருக்கலாம், அப்ப குடல்லேர்ந்து சதை எடுத்துப் பாத்தா தான் தெரியும்.

பிசிஆரோட எல்லை, கேக்காத கேள்விக்கு அது பதில் சொல்லாதுங்கிறது தான். இதுக்கு 2014ல வெளியான ஒரு கேஸை சொல்லணும், படிச்சப்ப எனக்கு மனசு என்னமோ பண்ணிடுச்சு. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல 14 வயசு பையன். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி கடுமையா குறைஞ்ச நோய், அதுக்கு போன் மேரோ மாத்தியிருக்காங்க. அவனுக்கு ஜுரம், தலைவலின்னு ஆரம்பிச்சு நாலு மாசத்துல மூணு தடவை ஆஸ்பத்திரியில சேந்து, மூளையில நீர் சேந்து, வலிப்பு வந்து, கடைசியில மருந்து குடுத்து கோமா நிலையில வெச்சிருந்தாங்க. பண்ணாத டெஸ்ட் இல்ல, மூளையில இருந்து சதை கூட எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் தெரியல. சான்பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சார்லஸ் சியூ, ஜோ டெரிசி குழுவுக்கு அவனோட முதுகுத் தண்டு நீரை அனுப்பினாங்க, அவங்க சீக்வென்சிங் பண்ணி 48 மணி நேரத்துக்குள்ள பதில் சொன்னாங்க. 30 லட்சத்துக்கும் மேல டிஎன்ஏ துண்டுகளை படிச்சதுல வெறும் 475 துண்டு லெப்டோஸ்பைராவோடது. ஆமா, நம்ம ஊர்ல எலிக்காய்ச்சல்னு சொல்றோமே அதே குடும்பம் தான். மருந்து என்ன தெரியுமா, பென்சிலின். பையன் தேறி வீட்டுக்குப் போனான்.

இது ரத்தத்துல பண்ணதில்ல, தண்டுவட நீர்ல பண்ணது, ஆனா இதுல இருக்கிற பாடம் நம்ம விஷயத்துக்கு நேரா பொருந்தும். லெப்டோஸ்பைராவுக்கு வழக்கமா பண்றது ஆன்டிபாடி டெஸ்ட். அந்தப் பையன் உடம்புக்கு ஆன்டிபாடி ஒழுங்கா பண்ணவே தெரியாது. டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வந்ததுக்கு காரணம் கிருமி இல்லாததால இல்ல, அவனோட உடம்பு அதை சொல்ல முடியாததால.

ரத்தத்துல இதே மாதிரி சீக்வென்சிங் பண்றதுல பரவலா தெரிஞ்சது கலிஃபோர்னியாவுல 2014ல ஆரம்பிச்ச காரியஸ்ங்கிற கம்பெனியோட டெஸ்ட். ஒரு சின்ன டியூப் ரத்தம், அதுல அணுக்களை பிரிச்சுட்டு பிளாஸ்மாவை மட்டும் எடுத்து படிக்கிறாங்க. படிக்கிறதுல 99 சதவீதத்துக்கு மேல மனுஷனோட டிஎன்ஏ தான் இருக்கும், அதையெல்லாம் கம்ப்யூட்டர் தள்ளிட்டு மிச்சம் இருக்கிற துளியில ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகள்ல எது பொருந்துதுன்னு பாக்கும். 2019ல அவங்க வெளியிட்ட ஆய்வுல செப்சிஸ், அதாவது இன்ஃபெக்ஷன் முத்தி உறுப்புகளையே பாதிக்கிற நிலை, இருக்குமோங்கிற சந்தேகத்தோட வந்த 350 பேர்கிட்ட பண்ணிப் பாத்து, கல்ச்சர்ல வளர்ந்த கேஸ்கள்ல 93.7 சதவீதம் இதுவும் அதே கிருமியை சொல்லுச்சுன்னாங்க. 2020ல மெம்ஃபிஸ்ல இருக்கிற செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில இன்னும் ஒரு படி மேல போனாங்க. புற்றுநோய் திரும்ப வந்த குழந்தைகள்கிட்ட அடிக்கடி ரத்தம் எடுத்து வச்சு, பின்னாடி யாருக்கு ரத்தத்துல இன்ஃபெக்ஷன் வந்துச்சோ அவங்களோட முந்தின சாம்பிளை எடுத்துப் பாத்தாங்க. 16 தடவை இன்ஃபெக்ஷன் வந்ததுல 12 தடவை, நோய் தெரியுறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ளயே அந்த கிருமியோட டிஎன்ஏ ரத்தத்துல இருந்திருக்கு. சின்ன ஆய்வு தான், ஆனா குழந்தைக்கு ஜுரம் வர்றதுக்கு முன்னாடியே ஆத்துல பூ வந்துடுச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

இனி நம்ம நாட்டுக்கு ரொம்ப நெருக்கமான ஒண்ணு, கருப்பு பூஞ்சை. 2021 கொரோனா ரெண்டாவது அலையில சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ஸ்டீராய்டு போட்டவங்கன்னு இந்தியாவுல 45,000 பேருக்கு மேல வந்ததா நாடாளுமன்றத்துலேயே சொன்னாங்க. கண்ணையும் தாடையையும் இழந்தவங்களை நம்ம ஊர்லயே பாத்தோம். இந்த மியூக்கர் பூஞ்சையை கண்டுபிடிக்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம்? மத்த பூஞ்சைகளுக்கு ரத்தத்துல பாக்குற கலாக்டோமேனன், பீட்டா டி குளூக்கன்னு ரெண்டு டெஸ்ட் இருக்கு, ரெண்டும் பூஞ்சையோட சுவர்ல இருக்கிற சர்க்கரையைப் பாக்குறது, மியூக்கர்ல அது ரெண்டும் பிடிபடாது. சதையை எடுத்து கல்ச்சர் போடலாம்னா, இதோட இழைகள் நடுவுல தடுப்பே இல்லாத குழாய் மாதிரி இருக்கும், லேப்ல சதையை அரைச்சாலே உடைஞ்சு செத்துடும், மைக்ராஸ்கோப்புல கண்ணுக்கு தெரிஞ்சது கல்ச்சர்ல வளராது. அதோட ரத்தப் புற்றுநோய்க்கு கீமோவுல இருக்கிறவருக்கு பிளேட்லெட் 10,000, 15,000ன்னு இருக்கும், நுரையீரல்ல ஊசி விட்டு சதை எடுக்க எந்த டாக்டரும் யோசிப்பாரு.

இங்க ரத்தத்துல டிஎன்ஏ பாக்குறது உண்மையிலேயே பெரிய உதவி. பிரான்ஸ்ல பெசன்சோன் ஊரைச் சேந்த லாரன்ஸ் மியோன் தலைமையில 2022ல வெளிவந்த ஆய்வு, பூஞ்சை இருக்குமோன்னு சந்தேகப்பட்ட 232 பேரோட சீரத்துல (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற நீர்) மியூக்கருக்குன்னு பிசிஆர் பண்ணிக்கிட்டே வந்தாங்க. நோய் இருந்தவங்கள்ல 85 சதவீதம் பேருக்கு பிசிஆர் சொல்லுச்சு, அதுவும் சதை எடுத்து உறுதி பண்ண நாளுக்கு சராசரியா நாலு நாள் முன்னாடியே. இந்த நோய்ல நாலு நாள்ங்கிறது கண்ணும் உயிரும் தப்புமா தப்பாதாங்கிறதையே மாத்தக்கூடியது. சீக்வென்சிங்லயும் இதே கதை தான். போன் மேரோ மாத்தி நிமோனியா வந்தவங்ககிட்ட சியாட்டில்ல பண்ண ஆய்வுல, ஆஸ்பர்ஜில்லஸை 31 சதவீதம் தான் பிடிச்சுது, மியூக்கர் மாதிரி மத்த பூஞ்சைகளை 79 சதவீதம் பிடிச்சுது. மியூக்கர் ரத்தக் குழாயையே துளைச்சுக்கிட்டு போற பூஞ்சை, அதனால சில்லு ரத்தத்துல நிறைய விழுதுன்னு நினைக்கத் தோணுது, ஆனா ஆஸ்பர்ஜில்லஸும் அதே மாதிரி துளைக்கிறது தான், அதனால அது மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டியது, இந்த டெஸ்ட் எல்லா கிருமிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, "டிஎன்ஏ டெஸ்ட்ல ஒண்ணும் வரல, அப்ப பூஞ்சை இல்ல"ன்னு முடிவு கட்டவே கூடாது.

இப்ப அந்த ஆத்துக்கு திரும்ப வருவோம். பூ மிதந்து வந்தா மேல ஏதோ நடந்திருக்குன்னு தெரியும், ஆனா கல்யாண வீட்டு மாலையா சாவு வீட்டு மாலையான்னு ஆறு சொல்லாது. கிருமியோட டிஎன்ஏ ரத்தத்துல இருக்குங்கிறதும், அந்த கிருமி தான் இவருக்கு நோய் குடுக்குதுங்கிறதும் ரெண்டு வேற வேற விஷயம். எனக்கு தெரிஞ்சு இந்த டெஸ்ட்டை பத்தி பேசுறவங்க அதிகமா தடுமாறுறது இங்க தான். கீமோவுல குடல் சுவர் புண்ணாகியிருக்கும், அங்க சாதாரணமா குடியிருக்கிற பாக்டீரியாவோட சில்லு ரத்தத்துக்கு கசியும். வாயில இருக்கிறது வரும். தூங்கிக்கிட்டு இருக்கிற ஹெர்பிஸ் வகை வைரஸ் லேசா எழுந்து திரும்ப படுத்துக்கும், அதுவும் லிஸ்ட்ல வரும். ஊசி குத்துற இடத்துல தோல்ல இருக்கிறது, லேப்ல பயன்படுத்துற ரசாயனத்துலயே கொஞ்சம் ஒட்டியிருக்கிற பாக்டீரியா டிஎன்ஏ, இதெல்லாமும் சேரும், அதனால நல்ல லேப்ல வெறும் தண்ணி மாதிரி ஒரு காலி சாம்பிளையும் கூடவே ஓட்டி, அதுல என்ன வருதோ அதை கழிப்பாங்க. ரிப்போர்ட்ல அஞ்சு கிருமி பேரு இருந்தா அஞ்சுக்கும் மருந்து போட்டா மருந்தே ஆளை சாய்ச்சுடும்.

2021ல அமெரிக்காவுல அஞ்சு ஆஸ்பத்திரியில நிஜ நோயாளிகளுக்கு பண்ண 82 டெஸ்ட்டை எடுத்து, இதனால சிகிச்சையில என்ன மாறுச்சுன்னு பாத்தாங்க. நல்லபடியா மாறினது 6 பேருக்கு, கெடுதலா போனது 3 பேருக்கு, 71 பேருக்கு ஒண்ணுமே மாறல, மிச்சம் 2 பேருக்கு தெளிவா சொல்ல முடியல. இதை படிச்சு மனசு தளர வேண்டாம், யாருக்கு எப்ப பண்ணணும்னு தெரியாம பண்ணா இப்படித்தான் ஆகும். 2023ல வெளிவந்த இன்னொரு ஆய்வு எதிர்ப்பு சக்தி குறைஞ்சு நிமோனியா வந்த 173 பேரை மட்டும் பாத்துச்சு, அதுல 21 பேருக்கு மத்த எந்த டெஸ்ட்லயும் தெரியாத காரணத்தை இது சொல்லுச்சு. நூத்துக்கு 12 பேர். விலையோ அமெரிக்காவுல ஒரு டெஸ்ட் 2,000 டாலர் அளவுல இருக்கு. 12 பேருக்காக நூறு பேருக்கும் பண்ணலாமாங்கிறது நியாயமான கேள்வி, என்னைக் கேட்டா சதை எடுக்க முடியாத, மத்த டெஸ்ட் எல்லாம் கைவிட்ட ஆளுக்கு இது பண்ணித்தான் ஆகணும், சாதாரண ஜுரத்துக்கு இது வேண்டாம்.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் வேகமா சொல்லிடுறேன். டிஎன்ஏ பாக்குற டெஸ்ட்ல டெங்கு, ஃப்ளூ, கொரோனா எதுவும் வராது, அதெல்லாம் ஆர்என்ஏ வைரஸ், தனியா பாக்கணும். அப்புறம் கிருமி பேரு தெரிஞ்சாலும் எந்த ஆன்டிபயாடிக் அதை கொல்லும்னு முழுசா தெரியுறது கல்ச்சர்ல வளர்ந்தா தான். நம்ம நாட்டு ஐசியுக்கள்ல எந்த மருந்துக்கும் மசியாத கிளெப்சியெல்லாங்கிற பாக்டீரியா இருக்கிற நிலைமையில பேரை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால கல்ச்சரை தூக்கிப் போட்டுட்டு டிஎன்ஏவுக்கு போறது கிடையாது, ரெண்டும் கூடவே போகும்.

ஆச்சரியமான ஒண்ணும் இருக்கு. டார்க் டெனோ வைரஸ்னு ஒரு வைரஸ், 1997ல ஜப்பான்ல கண்டுபிடிச்சது, பெரும்பாலான மனுஷங்க ரத்தத்துல இருக்கு, இதனால நோய் எதுவும் வர்றதா தெரியல. ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் குவேக் குழு இதயம், நுரையீரல் மாத்தின 96 பேரோட ரத்தத்தை 2013ல படிச்சுப் பாத்தப்ப, எதிர்ப்பு சக்தியை அமுக்குற மருந்து ஏற ஏற இந்த வைரஸ் குடும்பம் பெருகுறதையும், உறுப்பை உடம்பு ஒதுக்குறவங்ககிட்ட இது கம்மியா இருக்கிறதையும் பாத்தாங்க. ஒண்ணும் செய்யாத வைரஸே எதிர்ப்பு சக்தி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற மீட்டரா ஆகுது. இதே மாதிரி உறுப்பு குடுத்தவரோட டிஎன்ஏ சில்லும் அதே ரத்தத்துல மிதக்கும், அது திடீர்னு ஏறினா உறுப்புக்கு அடி படுதுன்னு அர்த்தம். மாத்தினவங்களுக்கு ஜுரம் வந்தா இன்ஃபெக்ஷனா, உடம்பு உறுப்பை ஒதுக்குதான்னு தான் எப்பவும் குழப்பம், ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒண்ணுக்கு மருந்தை குறைக்கணும், இன்னொண்ணுக்கு கூட்டணும். ஒரே டியூப் ரத்தத்துல ரெண்டையும் பாக்க முடியும்னு 2015ல நுரையீரல் மாத்தினவங்ககிட்ட காட்டியிருக்காங்க.

வீட்டுல இப்படி ஒருத்தரை வச்சிருக்கிறவங்களுக்கு நாங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன். 100.4 வந்தா பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கூப்பிடுங்க. ஜுரமே இல்லாம அசதி, வயித்துப்போக்கு, லேசா மூச்சு வாங்குறது, மூக்குப் பக்கம் வலின்னு சொன்னாலும் சொல்லிடுங்க. பக்கத்து மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டு போகாதீங்க, கல்ச்சர் அங்கேயே கெட்டுப் போயிடும். எலி இருக்கிற இடம், பழைய கட்டடம் இடிக்கிற தூசி, மாட்டுத் தொழுவம், வெளியூர்ப் பயணம்னு எது இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, சீக்வென்சிங் ரிப்போர்ட்ல அஞ்சு கிருமி பேரு இருந்தா அதுல எது நிஜம்னு அவரு முடிவு பண்றது இந்த மாதிரி விவரத்தை வச்சு தான்.

அண்ணனுக்கு வால்கான்சிக்ளோவிர்ங்கிற சிஎம்வி மருந்தை ஆரம்பிச்சு, மைக்கோஃபினோலேட்டை குறைச்சு, வாரா வாரம் அதே லேப்ல ரத்தம் குடுத்தோம். அண்ணி ஒரு கோடு போட்ட நோட்டுல தேதியும் நம்பரும் எழுதிக்கிட்டே வந்தாங்க. முதல் வாரம் நம்பர் இறங்கல, அண்ணி அழுதுட்டாங்க, மருந்து ஆரம்பிச்ச புதுசுல அப்படி நிக்கிறது உண்டுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. மூணாவது வாரத்துலேர்ந்து சரசரன்னு இறங்குச்சு, அஞ்சாவது வாரம் நம்பரே இல்ல, "கண்டறியப்படவில்லை"ன்னு வந்துச்சு. ஒரு தடவை வந்தா போதாது, அடுத்த வாரமும் அதே வரணும்னாங்க. அடுத்த வாரமும் வந்துச்சு.